மஞ்சள் அட்டையில் ஒட்டியவை

நெடுந்தீவு மேற்கு
12.11.2023

அன்புள்ள தம்பிக்கு,

மூச்சு வருகிறது, போகிறது. அதைச் சுகம் என்று எழுதலாம் என்றால் நான் சுகம். பண்டாரவளைக் குளிருக்கு உன் முழங்கால் என்ன சொல்கிறது? காது இன்னும் மோசமாகிவிட்டதா? போனில் நான் கத்த, நீ "ஆ? ஆ?" என்று கேட்க, செய்தி அயல் முழுக்கப் போய்ச் சேருகிறதே தவிர உன்னிடம் சேரவில்லை. அதனால்தான் பழையபடி கடிதம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வீட்டுக்குள்ளே சின்னக் கறுத்தப் பூச்சி பெருகிக் கிடக்கிறது. நுளம்பு இல்லை, கடிக்காது. வாழைப்பழத்தில் மொய்க்கிற கொசுவும் இல்லை. ஒழுங்காகப் பறக்கவும் தெரியாது. தள்ளாடிக்கொண்டு வந்து சாமியறை விளக்கெண்ணெயில் விழுந்து சாகிறது. நிசாந்தினி கொப்பி திருத்துகிற மேசையிலும் இதே கூத்துத்தான். "மாமி, பிள்ளையளின்ரை கொப்பியிலை நான் போடாத புள்ளியெல்லாம் கிடக்கு" என்றாள். அவள் சிரித்துக் கனநாள்.

ஓம், அவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். இந்தத் தீவுக்குப் படிப்பிக்க வந்து எங்கள் வீட்டில் அறை எடுத்தவள், மருமகளாக வர இருந்தவள், இப்போது யாருக்கு என்ன முறை என்று ஊர் கேட்கிறது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமா? என் பிள்ளை பிரவீனன் வரட்டும். விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

நீ வாழ்நாள் முழுக்கப் பூங்கன்று நாற்றுமேடைகளில் பூச்சி பார்த்துச் சம்பளம் எடுத்தவன். நாலைந்தைத் தாளில் மடித்து வைத்திருக்கிறேன். என்னவென்று பார்த்து எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
சறோஜினிதேவி


பண்டாரவளை
27.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், என் முழங்கால், என் செவிட்டுக் காது மூன்றும் ஒற்றுமையாக இருக்கிறோம். நீங்கள் சுகம் என்று எழுதிய வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

தபால்காரர் உங்கள் பூச்சிகளின் தலையிலேயே முத்திரை குத்திவிட்டார். மிஞ்சியது ஒரு நீண்ட காலும் அரைச் சிறகும்தான். ஆனாலும் சந்தேகம் ஒன்று உண்டு. இது பங்கசு ஈயாக இருக்கலாம், கறுத்தச் சிறகுள்ள சாதி. நாற்றுமேடையில் என்னோடு குடும்பம் நடத்திய பூச்சி. எப்போதும் ஈரமாக இருக்கிற மண்ணில்தான் முட்டையிடும். மண்ணில் பூக்கிற பூஞ்சணத்தைப் புழு தின்னும். வீட்டுக்குள்ளே தொட்டியோ சட்டியோ வைத்துத் தண்ணீர் விடுகிறீர்களா?

ஒட்டுகிற மஞ்சள் அட்டைகள் இதோடு வைத்திருக்கிறேன். மஞ்சளைக் கண்டால் இந்த ஈக்கு மயக்கம். ஒன்றை மண்ணுக்குப் பக்கத்தில் நட்டுவிட்டு, கிழமை கழித்து அப்படியே அனுப்புங்கள்.

அக்கா, இன்னொன்று. ஆவணியில் தாலிக்குப் பொன்னுருக்கி, கலியாணப் பந்தலுக்குக் கன்னிக்காலும் ஊன்றியபின், நான் வேட்டி மடித்து வைத்துக்கொண்டு பயணத்துக்கு நின்ற கிழமை, கலியாணச் சமையலுக்குக் கிடாரம் ஏற்றப் படகில் போன பிள்ளை. கவிழ்ந்த படகு கிடைத்தது. கூடப்போன றஜீபன் உயிரோடு கிடைத்தான். நம்முடைய பிள்ளை கிடைக்கவில்லை. ஐயரோடு ஒருக்கால் கதைத்தீர்களா? உடல் இல்லாவிட்டாலும் கிரியை செய்ய வழி இருக்கிறது. கோபிக்க வேண்டாம்.

தம்பிஐயா


நெடுந்தீவு மேற்கு
18.12.2023

அன்புள்ள தம்பிக்கு,

மழை விடவில்லை. கடல் அடிப்பதால் இரண்டு நாளாகப் படகு இல்லை, தபாலும் இல்லை. உனக்குச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். எங்களுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை.

நீ கேட்டது சரி. குசினிக்குப் பின்னால் கறிவேப்பிலைக் கன்று ஒன்று சட்டியில் வைத்திருக்கிறேன். அதற்குத்தான் தண்ணீர் விடுகிறேன். அட்டையை அதில் நட்டேன். நிறைய ஒட்டியிருக்கிறது, பார்.

கன்னிக்கால் முள்முருக்கந்தடி தளிர்த்துவிட்டது. ஊன்றிய கால் தளிர்த்தால் கலியாணம் தழைக்கும் என்று அம்மா சொல்லுவா. உனக்கும் நினைவிருக்கும்.

ஐயரோடு நான் ஒன்றும் கதைக்கவில்லை. றஜீபனைக் கேட்டேன். "சறோக்கா, நான் அவனைக் கடைசியாக் கண்டது தண்ணிக்கு மேலைதான். அவன் நீந்தினவன்" என்கிறான். நீந்தினவன் என்றால் எங்காவது ஒரு கரையில் ஏறியிருப்பான்தானே?

அக்கா


பண்டாரவளை
05.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருசம் உங்களுக்கு மனநிம்மதியைத் தரட்டும். அதைவிடப் பெரிதாக எதையும் கேட்க எனக்குத் துணிவில்லை.

இந்த முறை ஈக்கள் முழுசாக வந்தன. பழைய நுணுக்குக்காட்டியைத் தூசி தட்டி எடுத்தேன். சந்தேகமே இல்லை, அதுதான். சிறகின் நடுவில் ஒரு நரம்பு பொடியன்கள் கல்லெறிகிற கெற்றப்போல் கவர் மாதிரி இரண்டாகப் பிரிகிறது. உணர்கொம்பு மணிமணியாகக் கோத்தது போல நீளம். இரண்டு கண்ணும் தலை உச்சியில் மெல்லிய பாலம் போட்டு ஒன்றையொன்று தொடுகின்றன. வேறு கொசுவோடு இதை மாறாடாமல் இருக்க அந்தப் பாலத்தைப் பார்த்தால் போதும்.

இந்தச் சாதியில் சிலதற்கு ஒரு விசித்திரம் உண்டு. ஒரு தாய் பெறுவதெல்லாம் ஆணாக இருக்கும், அல்லது எல்லாம் பெண்ணாக இருக்கும். அதைவிடப் புதினம், ஆண் ஈ தன் தகப்பனிடமிருந்து வந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காது. அதைக் கழித்துவிட்டு, தாயிடமிருந்து வந்ததை மட்டுமே கொடுக்கும். இப்படி ஒரு தாய்ப்பிள்ளையை எங்கே கண்டீர்கள்?

நிச்சயம் பண்ண ஒரு வழி. உருளைக்கிழங்கைத் துண்டாக வெட்டி மண்மேல் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் தூக்கிப் பார்த்தால் புழுக்கள் அடியில் கூடியிருக்கும். கண்ணாடி மாதிரி வெள்ளை உடம்பு, கறுத்த மினுக்கமான தலை. இருந்தால் மருந்து வேண்டாம். தண்ணீரை நிறுத்தி மேலே காய்ந்த மணலைப் பரப்புங்கள். பெரிய ஈ கிழமைக்கு மேல் வாழாது. மண் காய்ந்தால் அடுத்த தலைமுறை இல்லை.

கறிவேப்பிலை இரண்டு கிழமை தண்ணீர் இல்லாமல் இருந்தால் செத்துவிடாது, பயப்படாதீர்கள்.

தம்பிஐயா


நெடுந்தீவு மேற்கு
16.02.2024

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் பிந்திவிட்டது. வருத்தம் ஒன்றும் இல்லை, எழுத மனம் வரவில்லை. நீ சுகமாக இரு.

கிழங்கு வைத்தேன். நீ சொன்னபடியே புழு. வயிற்றுக்குள்ளே தின்ற மண்கூடக் கறுப்பாகத் தெரிந்தது. நிசாந்தினி பூதக்கண்ணாடி பிடித்துப் பார்த்து, "பாவம் மாமி, கண்ணுக்கு முன்னாலை இருக்கிறதைத் தின்னுதுகள்" என்றாள். எனக்கு அதுகளைக் கொல்ல மனம் வரவில்லை. உயிர்தானே.

ஆண் ஈ தாயிடமிருந்து வந்ததை மட்டுமே பிள்ளைக்குக் கொடுக்கும் என்று எழுதியிருந்தாய். நீ பூச்சியைத்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. என் பிள்ளைக்கு என் முகம், என் பல்வரிசை, என் பிடிவாதம். அதை அவன் யாரிடம் கொடுத்துவிட்டுப் போனான், தம்பி?

போகட்டும். நிசாந்தினிக்கு இடமாற்றக் கடிதம் வந்திருக்கிறது. ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், புளியங்கூடலில் தகப்பன் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரலாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். தகப்பன் ஒரு இடத்தில் பேச்சுத் தொடங்கியிருக்கிறார், அதற்கும் முகம் கொடுக்கவில்லை. நான் என்ன செய்ய? அவளைப் போ என்று சொன்னால் பிரவீனன் வரமாட்டான் என்று நானே சொன்னதாக ஆகாதா?

புது அட்டை அனுப்புகிறேன்.

அக்கா


பண்டாரவளை
28.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

என் மடைத்தனத்தை மன்னியுங்கள். நுணுக்குக்காட்டிக்குள் கண்ணை விட்டால் எனக்கு உலகம் மறந்துபோகும். உங்கள் வரியை வாசித்து, அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை.

அட்டையில் ஈ மட்டும் இல்லை, அக்கா. கீழ் ஓரத்தில் ஒரு பயற்றந்தோல் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நெல்லுமி, இரண்டு எள்ளு, முளைவிட்ட உழுந்து ஒன்று. மண்ணில் பால் புளித்த மணம் இன்னும் போகவில்லை. கறிவேப்பிலைச் சட்டிக்குள் நவதானியம் யார் போடுவார்கள்?

அது முளைப்பாலிகைதானே? பொன்னுருக்கலன்று சுமங்கலிகள் போட்ட சட்டிகள். தாலி கட்டி முடிந்து கடலில் விட வேண்டியவை. நீங்கள் இன்னும் பால்தண்ணீர் தெளித்து வளர்க்கிறீர்கள்.

நான் கோபிக்கவில்லை. தாலி ஏறாமல் பாலிகையை எடுக்கக்கூடாது என்று எந்த வாய் சொன்னதோ, அந்த வாய் இப்படி ஒரு நாளை நினைத்துச் சொல்லவில்லை. சட்டி பச்சையாக இருக்கும்வரை கலியாணம் பிந்தியிருக்கிறது, அவ்வளவுதான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அந்தப் பெண்ணும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், அக்கா. அவளுக்கு இருபத்தேழு வயது.

தண்ணீரை நிறுத்துங்கள். உங்களுக்காகச் சொல்லவில்லை, அவளுக்காகச் சொல்கிறேன்.

தம்பிஐயா


நெடுந்தீவு மேற்கு
02.05.2024

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு மாதமாக உன்னோடு கோபம். இப்போதும் முழுசாகப் போகவில்லை. இருந்தாலும் நீ சுகமோ என்று கேட்காமல் கடிதம் தொடங்கினால் அம்மா மேலேயிருந்து ஏசுவா. சுகமோ?

ஓம், பாலிகைதான். முதல் முளை புரட்டாதியிலேயே மஞ்சளாகிச் சரிந்துவிட்டது. அதன்மேலே திரும்பப் போட்டேன். அதுவும் சரிந்தது, திரும்பவும் போட்டேன். பைத்தியம் என்று சொல். கடைக்காரர் ஆழ்வாப்பிள்ளையும் அப்படித்தான் பார்த்தார்: "என்ன பிள்ளை, மாதாமாதம் நவதானியம்? ஆருக்குக் கலியாணம்?"

நீ அவளுக்காக என்று எழுதியதுதான் குத்தியது. பங்குனியில் ஒருநாள் அவள் சாமியறையில் சட்டிகளுக்கு முன்னால் இருந்ததைப் பார்த்தேன். கும்பிடவில்லை, சும்மா இருந்தாள். அன்றைக்கே நிறுத்திவிட்டேன். மணலை அள்ளிப் போட்டேன். காய்ந்து சாகிறதைப் பார்க்க ஏலாது என்று சாமியறைக் கதவைச் சாத்தி, விளக்கை விறாந்தையில் ஏற்றுகிறேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் தம்பி, உன் படிப்புப் பொய். நான் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. ஈ குறையவே இல்லை. சாத்திய கதவுக்கு அடியால் வந்துகொண்டே இருக்கிறது. சில நேரம் எனக்கு ஒரு நினைப்பு வருகிறது. தண்ணீர் இல்லாமலும் அதுகள் உயிரோடு இருக்கின்றன என்றால், அவனும் எங்கேயோ இருக்கிறான் என்றுதானே?

அக்கா


பண்டாரவளை
15.05.2024

அன்புள்ள மகள் நிசாந்தினிக்கு,

பிரவீனனின் மாமா எழுதுகிறேன். நீரும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

பங்கசு ஈ காய்ந்த மண்ணில் வாழாது. மணல் போட்டுத் தண்ணீர் நிறுத்தினால் மூன்று நாலு கிழமையில் கடைசி ஈயும் ஓய்ந்துவிட வேண்டும். அங்கே ஓயவில்லை. அக்கா தண்ணீர் விடவில்லை என்கிறா, அவ பொய் சொல்லமாட்டா. அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர்தான்.

நான் உம்மை விசாரிக்கவில்லை, மகள். விருப்பமிருந்தால் பதில் எழுதும்.

தம்பிஐயா


நெடுந்தீவு
10.06.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்கும் உங்கள் முழங்காலுக்கும் சுகம் கேட்கச் சொல்லி மாமி அடிக்கடி சொல்லுவா. இந்தக் கடிதம் எழுதுவது அவவுக்குத் தெரியாது.

நான்தான் மாமா. மாமி குளிக்கப் போகிற நேரம் கதவைத் திறந்து போய் ஊற்றுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு என்று தேநீருக்கு வாங்குகிற பாலில் கொஞ்சம் எடுத்து வைப்பேன். மணலை ஒதுக்கிவிட்டு ஊற்றி, திரும்ப மூடிவிடுவேன். மாமி மணல் போட்டதைக் கண்ட அன்றுதான் தொடங்கினேன். அவ பிரவீனனை விட்டுவிட்டா, இனிச் சாப்பாட்டையும் விட்டுவிடுவா என்று பயந்தேன். என்றைக்காவது கதவைத் திறந்து பார்த்தால் பச்சையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மாமிக்காக என்றுதான் முதலில் எழுதினேன். அது முழு உண்மை இல்லை. எங்கள் வீட்டுச் சட்டிகளை அப்பா அந்தக் கிழமையே கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டார். என்னைக் கேட்கவில்லை. கலியாணச் சேலையைக்கூட யாரோ எடுத்து வைத்துவிட்டார்கள். எனக்கு நடக்க இருந்தது ஒன்று உண்டு என்பதற்கு இந்த ஐந்து சட்டிதான் மிச்சம். நான் விதவையும் இல்லை, மாமா. அழுவதற்கு எனக்கு ஒரு முறை இல்லை.

மாமியிடம் சொல்லிவிடாதீர்கள். அவ தாங்கமாட்டா.

நிசாந்தினி


பண்டாரவளை
21.06.2024

அன்புள்ள அக்காவுக்கும் மகள் நிசாந்தினிக்கும்,

சுகம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைக்கிறேன். இந்தக் கடிதத்தை இரண்டு பேரும் ஒன்றாக இருந்து வாசியுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வாசித்தால் என் தலையில் சத்தியம்.

மகள், உமக்குக் கொடுக்காத வாக்கை நான் மீறுகிறேன். சொல்லாதீர்கள் என்று கேட்டீர், சொல்லமாட்டேன் என்று நான் எழுதவில்லை.

அக்கா, என் படிப்புப் பொய் இல்லை. உங்கள் சட்டிகளுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் அவளுக்காக நிறுத்தினீர்கள். அவள் உங்களுக்காக ஊற்றினாள். அவள் அவனை எதிர்பார்க்கிறாள் என்று நீங்கள் அவனை உயிரோடு வைத்திருந்தீர்கள், நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள் என்று அவள் வைத்திருந்தாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் தனித்தனியாக அழுதிருக்கிறீர்கள். இனிச் சேர்ந்து அழுங்கள். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

பிரவீனன் இல்லை, அக்கா. நான் எழுதிவிட்டேன். அவனுக்கு முதல் முதல் சைக்கிள் பழக்கியவன் நான். மடித்த வேட்டி இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.

சுகமாக இருக்கிறீர்களா, இரண்டு பேரும்?

தம்பிஐயா


நெடுந்தீவு மேற்கு
26.08.2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீயும் இரு. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உன் கடிதத்தை விறாந்தையில் இருந்து நிசாந்தினி உரத்து வாசித்தாள். "அவள் உங்களுக்காக ஊற்றினாள்" என்ற இடத்தில் கடிதத்தை மடியில் வைத்துவிட்டாள். மிச்சத்தை நான் வாங்கி வாசித்தேன். பிறகு, "நீ ஊத்தினதோ?" என்று கேட்டேன். "ஓம் மாமி." "பாலும் விட்டனியோ?" "ஓம் மாமி." நீ கேட்டதைச் செய்தோம். அயல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

ஆடியில் ஐயரை அழைத்தேன். தர்ப்பையில் என் பிள்ளையைச் செய்தார். ஒரு கைப்பிடி புல்லுத்தான், தம்பி. நிலை இடிக்கும் என்று குனிந்து குனிந்து வீட்டுக்குள் வருகிறவனை ஒரு வாழையிலைத் துண்டில் கிடத்தினார்கள். நிசாந்தினி எங்கே இருப்பது என்று சனம் முணுமுணுத்தது. என் பக்கத்தில் இரு என்றேன். இருந்தாள். அழுதாள். யாரும் முறை கேட்கவில்லை.

மறுநாள் சட்டிகளைக் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். போகமுதல் முளையைப் பிடித்துப் பார்த்தேன். இழுக்கவே தேவையில்லை, கையோடு கழன்று வந்தது. மேலே நல்ல பச்சை, அடியில் வேரே இல்லை. பூஞ்சணம் தீர்ந்தால் புழு வேரைத் தின்னும் என்று நீ எனக்கு எழுதாமல் விட்டுவிட்டாய். நாங்கள் இவ்வளவு நாளும் எதற்குத் தண்ணீர் விட்டோம் என்று அவள் என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

நாலு சட்டி போய்விட்டது. ஐந்தாவதை அலை திருப்பித் திருப்பிக் கொண்டுவந்தது. அவள் சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளிவிட்டு வந்தாள். அந்தக் கடலில் அவள் இறங்கியதைக் கண்டு எனக்கு உயிர் போய் வந்தது.

நான்தான் அவளைப் போகச் சொன்னேன். இடமாற்றத்துக்குத் திரும்ப எழுதிக் கொடுத்தாள், கிடைத்துவிட்டது. போன திங்கள் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போனார். படகு போகும்வரை நின்றேன். முள்முருக்கை வெட்டவில்லை. அது தளிர்த்தது அதன் குற்றமா?

போகிற அன்று காலையில் அவள் சாமியறையில் புது அட்டை ஒன்றை நட்டுவிட்டு, "கிழமை கழிச்சு எடுத்து மாமாவுக்கு அனுப்புங்கோ, மாமி" என்றாள். இன்றைக்கு எடுத்தேன். இதோடு வைத்திருக்கிறேன். நீ சொன்னபடியே நடந்துவிட்டது, ஒரு ஈகூட இல்லை. விளக்கெண்ணெய் தெளிவாக இருக்கிறது. வீட்டில் என்னைத் தவிர அசைகிறது ஒன்றும் இல்லை.

ஆனாலும் உன் நுணுக்குக்காட்டியில் ஒருக்கால் வைத்துப் பார், தம்பி. என் கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது ஒட்டியிருந்தால் எழுது.

அக்கா